தாலி இல்லை, சடங்கு இல்லை. சரி, மாவு யார் ஆட்டுவது?

கேள்வி | 11 ஜனவரி 2025, காலை 10.40

தாலி வேண்டாம், ஐயர் வேண்டாம், சேர்ந்து வாழ்ந்தால் போதும் என்று பேசுகிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். பாதிப் பேர் கடைசியில் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள். மீதிப் பேர் கல்யாணம் ஆனவர்களைப் போலவே இருக்கிறார்கள். அந்த வீடுகளில் மாவு யார் ஆட்டுகிறார்கள் என்று யாராவது உண்மையைச் சொல்லுங்கள். கொள்கை விளக்கம் வேண்டாம்.

பதில் | 11 ஜனவரி 2025, இரவு 10.15

எங்கள் வீட்டில் அவர், என் கணவர்தான் ஆட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை, நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, வெந்தயம் ஒரு ஸ்பூன். உளுந்து பொங்கி வரும்வரை கிரைண்டர் பக்கத்திலேயே நின்று தண்ணீர் தெளிப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நான் கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் இடத்தில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அவர் வீட்டில் இருக்கிறார். மகள் மூன்றாம் வகுப்பு. தாலி கிடையாது, மெட்டி கிடையாது. 2011 முதல் இரண்டு வருடம் வேளச்சேரியில் சும்மா ஒன்றாக இருந்தோம். 2013இல் சுயமரியாதைத் திருமணம்.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. எங்கள் வீட்டில் அது அப்படியே தலைகீழ். போதுமா?

12 ஜனவரி 2025, காலை 6.50

போதாது. நேற்று நான் போட்ட கணக்கில் பிழை. திருப்பூர்க்காரர் ஒருவர் கீழே சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. 97 நிமிடம் என்பது எல்லா ஆண்களின் சராசரி இல்லை. வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி. அப்படிச் செய்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் நூற்றுக்கு 81. அதாவது நூறில் 74 ஆண்கள் அன்றைக்கு ஒரு டம்ளரைக்கூட நகர்த்தவில்லை.

இன்னொன்று. 'போதுமா' என்று முடித்திருந்தேன். காலையில் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏதோ நானே மாவு ஆட்டியதுபோல.

15 ஜனவரி 2025, இரவு 11.30

பொங்கலுக்கு ஈரோடு வந்திருக்கிறேன், அம்மா வீட்டுக்கு. அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அவருடைய ஈசி சேர் இன்னும் திண்ணையில் கிடக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அப்பா கருப்புச் சட்டைக்காரர். 1975இல் அவருக்கும் அம்மாவுக்கும் நடந்தது சுயமரியாதைத் திருமணம். நல்ல நேரம் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக ராகு காலத்தில் வைத்தார்களாம். தாலிக்குப் பதில் மாலை. தலைமை தாங்கியவர் ஒன்றரை மணி நேரம் பெண்ணடிமைத்தனத்தைப் பற்றிப் பேச, பந்தியில் சாம்பார் ஆறிப்போனது என்று அம்மா சொல்வாள்.

அதே அம்மா, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, காலை ஐந்து மணிக்கு எழுந்தாள். முதலில் ஆட்டுக்கல், அப்புறம் கிரைண்டர். அப்பா இந்தச் சேரில் பேப்பர் விரித்து, 'காப்பி' என்று ஒரு சொல் சொல்வார். கெட்டவர் இல்லை. கை ஓங்கியது கிடையாது. என்னைப் பொறியியல் படிக்கவைத்தது அவர்தான், சாதி மாறிக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது ஊரையே எதிர்த்து நின்றதும் அவர்தான். ஆனால் குடித்த டம்ளர் சேருக்கு அடியிலேயே இருக்கும். யாரோ வந்து எடுப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இன்று மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன், தாலி கட்டாததில் என்றைக்காவது வருத்தம் இருந்ததா என்று. கரும்பை ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "இருந்துச்சு கண்ணு. தாலி இருந்திருந்தா அவசரத்துக்கு அடகாச்சும் வெச்சிருப்பனே."

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் நான் கையிலிருந்த டம்ளரைச் சேருக்கு அடியில் வைத்திருந்ததைக் கவனித்தேன். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனது என் கணவர்.

16 ஜனவரி 2025, மாலை 4.05

உங்கள் அப்பாவைப் போன்றவர்களால்தான் கொள்கைக்கே கெட்ட பெயர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவசரப்பட வேண்டாம். 1933 மே மாதம் மனைவி நாகம்மையார் இறந்தபோது பெரியார் தம் குடி அரசு இதழில் எழுதிய இரங்கலை எடுத்துப் படியுங்கள். பெண் விடுதலையைப் பற்றி ஊருக்குப் பேசியதில் நூறில் ஒரு பங்காவது நாகம்மாள் விஷயத்தில் நடந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ளத் தமக்கு முழு யோக்கியதை இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை, துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று தீர்மானம் போட்டது 1929இல். ஈரோட்டு வீட்டுக்கு நேரம் காலமில்லாமல் வந்துபோன இயக்கத்தாருக்கெல்லாம் அந்த அம்மையார்தான் சோறு போட்டார்.

தலைவர் எழுதி வைத்துவிட்டுப் போனார். என் அப்பா எழுதக்கூட இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அப்பாவின் மேல் கோபம் வரவில்லை. எனக்கு வருவது வேறு ஒன்று, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிறகு பார்க்கலாம்.

19 ஜனவரி 2025, இரவு 9.40

'கடைசியில் ஏன் கல்யாணம் பண்ணினீர்கள்' என்று மறுபடி மறுபடி கேட்கிறார்கள். இன்சூரன்சுக்காக.

நிஜமாகவே. 2013இல் அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை. நடுராத்திரி. கவுன்டரில் இருந்தவர் "நீங்க பேஷண்ட்டுக்கு என்ன வேணும்?" என்றார். மனைவி என்று சொன்னேன், நாக்கு தானாகச் சொன்னது. ஆனால் என் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகளை மட்டும்தான் சேர்க்க முடியும். நாக்கு சொன்னதற்குக் காகிதம் வேண்டும். அறுபத்து நாலாயிரம் ரூபாய் கையிலிருந்து போனது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தையல் பிரிக்காத வயிற்றோடு, "கல்யாணம் பண்ணிக்கலாமா, இல்ல அடுத்த ஆபரேஷனுக்கு இப்பவே சீட்டுப் போடலாமா?" என்று கேட்டார். காதலைச் சொல்லும்போதுகூட அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

தோழியின் வீட்டு மாடியில் நடந்தது. மாலை இரண்டு, காப்பி பதினாறு. இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று தமிழ்நாட்டுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவந்தது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ பார்க்க, உன்னைக் கணவனாக ஏற்கிறேன், உன்னை மனைவியாக ஏற்கிறேன் என்று இரண்டு பேருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், ஏதாவது ஒன்று. புரோகிதர் தேவையில்லை. அதற்கு முன் 1953இல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று சொல்லியிருந்தது. புதிய சட்டம், முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றது. ஊரறிய அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் இவ்வளவு எளிமை. பதிவு செய்யப் போன இடத்தில் "பத்திரிகை எங்கம்மா?" என்றார்கள். பத்திரிகை அடிக்கவில்லை என்றால் நம்பவில்லை. என் கணவர் அப்போது டிடிபி, அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் இருந்தார். அன்று மாலையே உட்கார்ந்து, நடந்து முடிந்த கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வடிவமைத்தார். 'அனைவரும் வருக' என்று போட்டிருந்தார். மொத்தம் இரண்டு பிரதி. ஒன்று அவர்கள் கோப்பில், ஒன்று எங்கள் பீரோவில்.

20 ஜனவரி 2025, காலை 7.10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பெண் தனிச்செய்தியில் கேட்டார். அவர் இந்து, நண்பர் முஸ்லிம். 7ஏ அவர்களுக்குப் பொருந்தாது. இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான். நேற்று இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. அவர்களுக்கு இருப்பது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் முன்னறிவிப்பு, பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். வீட்டுக்குத் தெரியாமல் செய்ய நினைக்கிறவர்களுக்கு அந்த 30 நாள் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வாழும் யாருக்கும் தெரியும்.

21 ஜனவரி 2025, இரவு 10.50

கல்யாணமாகாமல் வேளச்சேரியில் எப்படி வீடு கிடைத்தது என்று கேட்டவருக்கு.

வீட்டுக்காரம்மாவிடம் கல்யாணமாகிவிட்டது என்று சொல்லித்தான் வீடு எடுத்தோம். "கழுத்துல ஒண்ணையும் காணோமே?" என்றார். தொழிற்சாலையில் மெஷினில் மாட்டிவிடும், நகை போடவிடமாட்டார்கள் என்றேன். அந்த அம்மா இரண்டு வருடமும் எனக்காகக் கவலைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமையாவது போட்டுக்கோ என்பார். ஆடி வெள்ளிக்கு மஞ்சள் கயிறே கொண்டுவந்து கொடுத்தார். மறுக்க மனமில்லாமல் வாங்கி வைத்தேன். அதில் இப்போது கிரைண்டர் மூடி கட்டியிருக்கிறது.

திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பேசியதற்காக நடிகை குஷ்பு மீது போட்ட இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளை 2010 ஏப்ரலில் ரத்து செய்தபோது, வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் அக்டோபரில், கோவையிலிருந்து போன வேறொரு வழக்கில், சேர்ந்து வாழும் பெண்ணுக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு எப்போது கிடைக்கும் என்று சில நிபந்தனைகள் வைத்தது. முதல் நிபந்தனை, ஊருக்குத் தங்களைக் கணவன் மனைவி போலக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பாருங்கள், நான் வீட்டுக்காரம்மாவிடம் சொன்ன பொய்தான் எனக்குச் சட்டப் பாதுகாப்பு. கொள்கைக்காரியாக உண்மையைச் சொல்லியிருந்தால் வீடும் கிடைத்திருக்காது, பாதுகாப்பும் கிடைத்திருக்காது.

27 ஜனவரி 2025, இரவு 9.20

இந்தக் கேள்வி-பதில் இழை வேறெங்கோ போய்விட்டது. யாரோ கணவனை 'நீ' என்று கூப்பிடலாமா என்று ஆரம்பித்து நாற்பது பதில் ஓடியிருக்கிறது. என் பங்குக்கும் ஒன்று.

நாங்கள் இருவரும் நீ, வா, போதான். முதல் தடவை அத்தை முன்னால் "டேய், சாவியை எங்க வெச்ச?" என்று கேட்டுவிட்டேன். அத்தை கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. கொங்குப் பக்கம் ஆடு மாட்டைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுவார்கள் என்று கேலி செய்வார்களே, அந்த ஊரில் பெற்ற பிள்ளையை மருமகள் 'டேய்' என்கிறாள். அன்றிலிருந்து அத்தை முன்னால் அவரை 'அவர்' என்பேன், 'வாங்க' என்பேன். கார் ஈரோடு பைபாஸ் தாண்டியதும் மறுபடி 'டேய்'. எங்கள் மரியாதைக்கு எல்லைக்கல் விஜயமங்கலம் டோல்கேட்.

இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. சொல்ல வந்தது வேறு. இந்த இழையில் அவரைக் குறிப்பிடும்போதெல்லாம் 'அவர்' என்றே எழுதியிருக்கிறேன். அவன் என்று எழுத விரல் வரவில்லை. நீங்களெல்லாம் எனக்கு அத்தை முறை போலிருக்கிறது.

2 பிப்ரவரி 2025, மதியம் 2.15

கேள்வி கேட்டவர் திரும்பி வந்துவிட்டார். ஒரே வரி: "மாவு சரி. பாத்திரம்?"

ஆள் கில்லாடி.

பாத்திரம் கழுவ, வீடு கூட்ட ஒரு அக்கா வருகிறார். காலை ஏழரைக்கு. முதல் நாள் 'வீட்டு வேலை அவர்' என்று தம்பட்டம் அடித்தபோது அந்த அக்காவை நான் எண்ணவே இல்லை. நூறில் 74 ஆண்களைப் பற்றி அவ்வளவு எள்ளலாக எழுதினேனே, நானும் டம்ளரை நகர்த்துகிறவள் இல்லை.

அக்காவுக்கு எங்கள் வீட்டு ஏற்பாட்டில் துளியும் உடன்பாடு கிடையாது. என் கணவர் வெங்காயம் நறுக்கினால் "நகருங்க சார்" என்று கத்தியைப் பிடுங்கிக்கொள்வார். லீவு வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிற அவரிடம் கேட்கமாட்டார். வேலை நேரத்தில் எனக்குப் போன் செய்வார். நான் தொழிற்சாலை இரைச்சலுக்கு நடுவே "சாரைக் கேளுங்கக்கா" என்று கத்துவேன். "சாருக்கு என்னங்க தெரியும்?" என்பார். சம்பளமும் என் கையால் கொடுத்தால்தான் வாங்குவார்.

அக்காவின் கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. செத்துப்போகவில்லை, போய்விட்டார். அக்கா கழுத்தில் தாலி இருக்கிறது, மஞ்சள் பூசிப் பளபளவென்று. ஒருமுறை நான், அந்த ஆளுக்காக எதற்கு இன்னும், என்று ஆரம்பித்தேன். "அவனுக்காகன்னு யாரு சொன்னா? இது இருந்தா பஸ்ல நிம்மதி, கண்ணு. வாடகை வீட்டுலயும் நிம்மதி" என்றார்.

மஞ்சள் கயிறு கொடுத்த வேளச்சேரி அம்மாவையும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் எனக்குப் பக்தி போதிக்கவில்லை. குடை கொடுத்திருக்கிறார்.

3 பிப்ரவரி 2025, காலை 6.30

மேலே 'குடை' என்று எழுதியது எனக்கே சினிமா வசனம் போல இருக்கிறது. தாலியை நான் ஆதரிக்கவில்லை. குடை தேவைப்படாத பஸ் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் நனைகிறவரிடம் போய்க் குடையைப் பிடுங்க எனக்கு வாயில்லை. நான் போய் வருவது கம்பெனி பஸ்.

9 பிப்ரவரி 2025, இரவு 11.55

சரி. பொங்கல் அன்று சொல்லத் தெரியவில்லை என்று விட்டதை இப்போது சொல்கிறேன்.

மகள் யுகேஜி சேர்ந்தபோது பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு அரை நிமிடம் யோசித்தேன். 'சொந்தத் தொழில்' என்று எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கம்பெனியில் யாராவது "சார் எங்க இருக்காரு?" என்றால், 'டிசைனிங்' என்பேன். நிகழ்காலமா இறந்தகாலமா என்று யாரும் கேட்பதில்லை. உண்மையில் மகள் பிறந்த 2016இலிருந்து வருடத்துக்கு நாலைந்து அட்டைப்படம் செய்தால் அதிகம். ஆண் வீட்டு வேலை செய்வது கேவலமில்லை என்று இந்த இழையில் முழங்குகிறேன். என் மேலாளரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டுப் பார்த்தேன். என்னைப் பார்த்து "பாவம்" என்பார்களோ என்று பயம். அவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. கையாலாகாத ஆளைக் கட்டிக்கொண்டவள்.

வீட்டுக்குள் இதைவிட மோசம். ஆறரைக்கு வருவேன். செருப்பைக் கழற்றும்போதே "என்ன டிபன்?" என்பேன். சோபாவில் விழுந்து போனை எடுப்பேன். அவர் பகல் முழுக்க நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார், கேஸ்காரர் வரவில்லை, பாப்பா கணக்கில் தப்பு, மோட்டார் சத்தம் போடுகிறது. நான் "ம்" என்பேன். மாசக் கடைசியில் "எதுக்கு இவ்வளவு செலவாச்சு?" என்று ஒரு தொனியில் கேட்பேன். அந்தத் தொனி எனக்குத் தெரியும். சின்ன வயதில் திண்ணையிலிருந்து கேட்ட தொனி அது.

பெண் ஆணைப் போலச் சம்பாதித்தால் வீடு மாறிவிடும் என்று நம்பியவள் நான். மாறவில்லை. சேரில் உட்காரும் ஆள்தான் மாறியிருக்கிறது. உட்கார்ந்தால் முதுகு அப்படித்தான் சாய்கிறது. ஆண்மை, ஆணாதிக்கம் என்று எவ்வளவோ படித்தேன். பாதி அந்தச் சேரில் இருக்கிறதோ என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாக்கள் வாட்ஸாப் குழுவில் நான்தான் இருக்கிறேன். அவரைச் சேர்க்கவில்லை, மற்றவர்கள் வீட்டில் சங்கடப்படுவார்களாம். ஞாயமாகவும் இருக்கலாம். வியாழக்கிழமை வெள்ளைச் சீருடை என்று வரும் செய்தியை வேலைக்கு நடுவே அவருக்கு அனுப்புவது என் வீட்டு வேலை. அதை நான் 'உதவி' என்று சொல்லிக்கொள்கிறேன்.

10 பிப்ரவரி 2025, இரவு 10.05

அவர் முழு இழையையும் படித்துவிட்டார். எனக்குத் தெரியாமல் இல்லை, நான்தான் காட்டினேன். மூன்று திருத்தம் சொன்னார், அவர் வாயால் சொன்னபடியே போடுகிறேன்.

"நான் கொள்கைக்காக வீட்டுல இருக்கல. அப்ப என் சம்பளம் பதினாலாயிரம். குழந்தையைப் பாத்துக்க ஆள் வெச்சா எட்டாயிரம், பெட்ரோலு, சாப்பாடு போக மிஞ்சறது ரெண்டாயிரம். கூட்டிக் கழிச்சுப் பாத்து இருந்தேன். புரட்சின்னு எழுதிடாத."

"மாவு ஆட்டப் பொறுமை இருக்குன்னு எழுதியிருக்க. பொறுமையெல்லாம் இல்ல. அந்த ஒரு மணி நேரம் கிரைண்டர் சத்தத்துல யாரு கூப்பிட்டாலும் கேக்காது."

மூன்றாவது, நான் 'ம்' என்று சொல்வதாக எழுதியது மிகை. பல நாள் அதுவும் சொல்வதில்லையாம்.

26 பிப்ரவரி 2025, இரவு 8.45

நேற்று 2024க்கான நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வந்துவிட்டது, முதல் நாள் நான் போட்ட எண்களைப் புதுப்பிக்க வேண்டும். பெண்கள் 289 நிமிடம். ஆண்கள் 88. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, மகிழ்ச்சி. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. செய்கிற ஆண்கள் நூறில் 26 பேரிலிருந்து 27 ஆகியிருக்கிறார்கள். அந்த ஒருவர் எங்கள் வீட்டில் இருப்பவர் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அவர் 2016இலேயே வந்துவிட்டார்.

8 மார்ச் 2025, மாலை 7.30

மகளிர் தினம். கம்பெனியில் ஒரு ரோஜா, ஒரு ஹாட்பாக்ஸ். மூன்று அடுக்கு, சப்பாத்தி சூடு ஆறாதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ரோஜாவைப் பாப்பா பிய்த்துவிட்டாள்.

16 மார்ச் 2025, இரவு 9.50

கேள்வி கேட்டவர் கடைசியாக நேரடியாகவே கேட்டுவிட்டார்: கல்யாணம் வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?

வேளச்சேரியில் காகிதம் இல்லாமல் இருந்த இரண்டு வருடத்தில் சமைத்தது பெரும்பாலும் நான்தான். அப்போது அவர் சம்பாதித்தார், நானும் சம்பாதித்தேன், கிட்டத்தட்ட சமம். இருந்தும் நான்தான். ஏன் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. காகிதம் வந்த பிறகு, குழந்தை வந்து, அவர் சம்பளம் போய், சமையல் அவரிடம் போனது. ஆகவே மாவைக் கல்யாணம் தீர்மானித்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்சூரன்சைத் தீர்மானித்தது. அதற்கு நன்றி. இதற்கு மேல் வேண்டும் வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 9க்குப் பிறகு மாற முயற்சி நடக்கிறது. ஆறரைக்கு வந்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போகிறேன். முதல் வாரம் அவருக்கு எரிச்சல், கரண்டி வைக்கிற இடமெல்லாம் மாற்றிவிடுகிறேனாம். இப்போது இரவு அடுப்பு துடைப்பது, மறுநாளைக்கு வேண்டியதை நினைவில் வைப்பது என் பொறுப்பு. துடைப்பது எளிது. நினைவில் வைப்பது இருக்கிறதே, கேஸ் எப்போது பதிந்தோம், பாப்பாவுக்கு நாளை எந்த நோட்டு, பால் கூடுதலா குறைவா. இந்த மனிதர் எட்டு வருடமாக இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு என் 'ம்'மையும் கேட்டிருக்கிறார். மூன்று வாரத்தில் இரண்டு தடவை பால் கெட்டது.

21 மார்ச் 2025, இரவு 10.20

பள்ளியிலிருந்து அடுத்த வருடத்துக்கான விவரப் படிவம் வந்திருக்கிறது. அதே கட்டம். தந்தையின் தொழில். இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். 'இல்லத்தரசி'க்கு ஆண்பால் என்ன என்று இங்கே ஒருவர் கேட்டு, இல்லத்தரசர், மனைக்கோ, அடுக்களைவேந்தர் என்று நீங்கள் எழுதியதையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் 'வீட்டுப் பொறுப்பு' என்று நல்ல கையெழுத்தில் எழுதினேன். பெருமையாக அவரிடம் நீட்டினேன்.

படித்தார். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, மேலே 'அட்டைப்பட வடிவமைப்பாளர்' என்று எழுதினார்.

நான் வாயடைத்து நின்றேன். வெட்கப்படுகிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்புறம், "பாப்பா கிளாஸ்ல டீச்சர் படிச்சுச் சொல்வாங்க. நீ நிம்மதியாகறதுக்கு என்னைப் பலகைல ஒட்டாத" என்றார். இந்த மாதம் இரண்டு அட்டைப்பட வேலை வந்திருப்பதையும் அப்போதுதான் சொன்னார். எனக்கு அது தெரியாது. சொல்லியிருப்பார் போல, நான் 'ம்' என்றிருப்பேன்.

வேண்டுமென்றால் இரண்டையும் எழுதலாம் என்றேன். கட்டம் சின்னது என்றார். புதுப் படிவம் ஒன்று வாங்க வேண்டும், இது அடித்தல் திருத்தலாகிவிட்டது. இப்போதைக்கு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்குகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள்.